பளபளப்பு கலை ஆகாது

தஞ்சாவூர் ஓவியம் வாங்கக் கடையேறுகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "தங்க ரேக்கு எத்தனை காரட்?" என்றுதான். அடுத்த கேள்வி கல்லைப் பற்றி இருக்கும். வெண்ணெய்த் தாழியோடு இருக்கும் கண்ணனின் முகத்தில் குறும்பு இருக்கிறதா, கண் நம்மைப் பார்க்கிறதா, கன்னத்தின் வளைவு தடுமாறாமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுகிறவர்கள் குறைவு. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் கோந்தும் குழைத்து மேடு எழுப்பி, ரேக்கு ஒட்டி, கல் பதிக்கிற வேலைக்குப் பொறுமையும் நெடுநாள் பயிற்சியும் வேண்டும். அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே காரட் ரேக்கும் ஒரே வகைக் கல்லும் வைத்துச் செய்த இரண்டு படங்களில் ஒன்று தெய்வமாகவும் மற்றொன்று நகைக்கடை பொம்மையாகவும் நிற்பதை எந்தக் கடையிலும் பார்க்கலாம். இரண்டையும் பிரிப்பது வரைந்தவர் இழுத்த கோடு.

வீடியோ கேம்களைப் பற்றிய பேச்சிலும் இன்று நடப்பது இந்தக் காரட் கணக்குதான். புதிய கேம் ஒன்றின் முன்னோட்டம் வந்த உடனே எழுகிற கேள்விகளைப் பாருங்கள். 4கே-யில் ஓடுமா? விநாடிக்கு எத்தனை பிரேம்? ரே டிரேசிங் உண்டா? முடி தனித்தனி இழையாகத் தெரிகிறதா? 'கிராஃபிக்ஸ் வேற லெவல்' என்பது ஒரு கேமுக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு. 'கிராஃபிக்ஸ் மொக்கை' என்று சொல்லிவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. யார் கை அதை வரைந்தது, ஏன் இந்த நிறம், ஏன் இந்த உருவம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. இந்த அளவுகோல் தவறானது. ரசனைக் குறைவு என்று மென்மையாகச் சொல்லி விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல. உழைக்கிறவர்களைக் கசக்கிப் பிழிவதற்கும், நடுத்தரக் குடும்பங்களின் பணத்தைக் கரைப்பதற்கும், நம் பிள்ளைகள் தங்கள் கையில் உள்ள கலையைத் தாங்களே மட்டமாக நினைப்பதற்கும் அது துணைபோகிறது. அதனால் இதை ஓர் அறப்பிழை என்றே சொல்கிறோம்.

தொழில்நுட்பம் செய்வது என்ன, கலைஞர் செய்வது என்ன என்பதை நம் வயல்வெளியை வைத்தே சொல்லலாம். ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டும் முறைக்குப் பெயர் ரே டிரேசிங். 2018இல் என்விடியா நிறுவனம் அதற்கென்றே செய்த கிராஃபிக்ஸ் கார்டுகளை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட கார்டிடம் திருவையாற்றுப் பக்கத்து நடவு வயல் ஒன்றைக் கொடுத்தால், தேங்கிய நீரில் வானமும் வரப்போரத் தென்னையும் பிசகில்லாமல் தெரியும். சரி, அந்த வயலுக்கு எந்தப் பச்சை? நாற்றங்காலில் இருக்கும்போது மஞ்சள் ஓடிய பச்சை. பறித்து முடி கட்டி நட்ட மறுநாள் வெளிறிச் சோர்ந்து கிடக்கும் பச்சை. பயிர் வேர் பிடித்துத் தூர் கட்டும்போது கண்ணை உறுத்தாத ஆழ்ந்த பச்சை. பால் பிடிக்கும் சமயத்தில் அதன்மேல் ஒரு வெள்ளை மினுமினுப்பு. பத்து வருடம் கழித்து, தகப்பன் இறந்த செய்தி கேட்டு ஊருக்கு வருகிற மகனின் கதை அந்தக் கேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கண்ணுக்கு அந்த வயல் எந்தப் பச்சையில் தெரியும்? ஒருவேளை பச்சையே வேண்டாம், சாம்பல் நிறம் போதும் என்று ஓர் ஓவியர் சொல்லக்கூடும். அந்த முடிவை எந்தக் கார்டும் எடுத்துத் தராது. நீரில் வானம் தெரிவது கணக்கு. வயல் எப்படித் தெரிய வேண்டும் என்பது மனம்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த ஒரு சாட்சி இருக்கிறது. ஜி.டி.ஏ. வரிசையில் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று கேம்களை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தஞ்சையிலும் கும்பகோணத்திலும் பிரவுசிங் சென்டர் இருந்த காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து 'வைஸ் சிட்டி' ஆடியவர்களெல்லாம் இன்று குடும்பஸ்தர்கள். அந்த மூன்றையும் 'மேம்படுத்திய கிராஃபிக்ஸ்' என்ற பெயரில் ராக்ஸ்டார் நிறுவனம் 2021 நவம்பரில் மறுபடி வெளியிட்டது. முகங்கள் பிளாஸ்டிக் பொம்மை போல வழவழத்தன. கடைப் பலகைகளில் எழுத்துப் பிழைகள் புகுந்தன. மழை வெள்ளைக் கோடுகளாகத் திரையை மறைத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமின் மூட்டம். பழைய கேமில் தூரத்து மலைகளையும் நகரங்களையும் ஒரு செம்மஞ்சள் மூட்டம் மறைத்திருந்தது. அன்றைய இயந்திரத்தின் சக்தி அவ்வளவுதான் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த மூட்டத்தால்தான் நாடு பெரிதாகத் தோன்றியது; ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது பயணமாக இருந்தது. புதிய பதிப்பில் மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வானத்தில் ஏறிப் பார்த்தால் மொத்த நாடும் ஒரு சின்னத் தீவாகச் சுருங்கிக் கிடந்தது.

இதில் அறக்கேடு எங்கே என்று கேட்கலாம். புதியதை விற்பதற்காகப் பழைய மூன்றையும் இணையக் கடைகளிலிருந்து அந்நிறுவனம் விலக்கிக்கொண்டது. எதிர்ப்பு பெருகியபிறகு மன்னிப்புக் கேட்டுக் கணினிக்கான பழைய பதிப்புகளைத் திரும்ப வைத்தது. புதுச் சாயம் பூசியவர்கள் அடியில் இருந்ததை அழிக்கவும் தயங்கவில்லை. மக்கள் கேட்டிராவிட்டால் அழிந்தேதான் போயிருக்கும்.

இந்த இடத்தில் தஞ்சைக்காரர்களுக்குப் பெரிய கோயில் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்து கிடந்ததை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். மேலடுக்கு சில இடங்களில் உதிர்ந்தபோது உள்ளிருந்து வேறொரு காலம் எட்டிப் பார்த்தது. வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகும் சுந்தரரும், குதிரையில் விரையும் சேரமான் பெருமாளும் அங்கே இருக்கிறார்கள். தேரில் நின்று வில் வளைக்கும் திரிபுராந்தகரைக் கவனியுங்கள். எதிரே அசுரர்கள், அவர்களைப் பற்றிக்கொண்டு அஞ்சும் பெண்கள். காவி, கரி, சுண்ணாம்பு வெள்ளை, மண்பச்சை, நீலம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்கள்தான். உடம்பின் திரட்சியைக் காட்ட நிழல் தீட்டி அடுக்கவில்லை. கோடு மெலிந்தும் தடித்தும் போவதிலேயே தசை திரள்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தத் திரிபுராந்தகரின் சினம் சினமாகவே நிற்கிறது.

அங்கே தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. சுண்ணச் சாந்து ஈரம் காய்வதற்குள் நிறத்தை ஏற்றிவிட வேண்டும். காயக் காயச் சுண்ணாம்பு கல்லாகி நிறத்தைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்து சொன்னது இது. கை தயங்கினால் சுவர் காய்ந்துவிடும். பிழையை அழித்து வரைய வழியில்லை. அவ்வளவு கடுமையான தொழில்நுட்பத்தைக் கைக்குள் வைத்திருந்தவர்கள் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. சுந்தரரைப் பார்க்கிற யாரும் சாந்தின் தரத்தைப் பேசுவதில்லை. அந்தக் கலைஞர்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள்.

நம் தொல்லியல் துறை செய்த ஒன்றையும் இங்கே பாராட்டியாக வேண்டும். கீழே இருப்பது மேலானது என்று மேலடுக்கைச் சுரண்டி எறியவில்லை. நாயக்கர் ஓவியத்தைப் பெயர்த்தெடுத்து வேறு தளத்தில் பொருத்திக் காத்தது. அடியில் இருந்த சோழர் ஓவியத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டு காலத்துக்கும் இரண்டு கண் உண்டு, ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை என்ற பண்பு அதில் இருக்கிறது. கோடிக்கணக்கில் புரளும் கேம் நிறுவனங்கள் இந்த ஒரு பண்பையாவது தஞ்சாவூரிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உள்ளது உள்ளபடி காட்டும் கேம்களெல்லாம் கலை ஆகாதா? ஆகும். இயல்பை அப்படியே காட்டுவதும் ஒரு பாணிதான், அதைக் கலைஞர் வேண்டித் தேர்ந்தெடுத்திருந்தால். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' போன்ற கேமில் இழப்பின் வலியைச் சுமக்கும் முகத்துக்கு உதட்டோரத்துச் சிறு நடுக்கமும் வேண்டியிருக்கிறது. அங்கே நுட்பம் கதைக்கு வேலை செய்கிறது. நாம் குறை சொல்வது நுட்பத்தை அல்ல. எதற்கு என்ற கேள்வியே இல்லாமல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதையும், அந்த எண்ணிக்கையையே தகுதி என்று நம்பவைப்பதையும் குறை சொல்கிறோம்.

எண்ணிக்கை எவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டும் என்பதைக் காலம் காட்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு நிண்டெண்டோ தன் 'செல்டா' கேமின் நாயகனை நிஜ மனிதன் போல ஒரு மாதிரிப் படத்தில் காட்டியது, ரசிகர்கள் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு அதே நாயகன் பெரிய கண்ணும் தட்டையான நிறமுமாகக் கார்ட்டூன் உருவில் வந்து நின்றபோது, குழந்தைப் படம் என்று கேலி செய்தார்கள். 2002இல் வெளியான அந்த 'விண்ட் வேக்கர்' இன்றும் நேற்று வரைந்தது போல இருக்கிறது. அதே காலத்தில் 'நிஜம் போலவே இருக்கிறது' என்று புகழப்பட்ட பல கேம்களின் மனிதர்கள் இன்று துணிக்கடை வாசல் பொம்மைகளாகத் தெரிகிறார்கள். 2006இல் வந்த 'ஓகாமி' கதையும் கேட்கத் தகுந்தது. முதலில் நிஜம் போலத்தான் செய்ய நினைத்தார்கள். பிளேஸ்டேஷன் 2 அந்தச் சுமையைத் தாங்கவில்லை. அதன்பின் ஜப்பானிய மைத்தூரிகை ஓவியத்துக்குத் திரும்பினார்கள். திரும்பியதோடு நிற்காமல், தூரிகையையே ஆடுகிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். வானத்தில் ஒரு வட்டம் வரைந்தால் சூரியன் உதிக்கும். இயந்திரத்துக்குப் போதிய சக்தி இருந்திருந்தால் அந்த வட்டமே பிறந்திருக்காது.

இனி, இந்த எண்ணிக்கைப் பந்தயத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவானது என்று 2023இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணம் ஒன்றில் வெளிப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,800 கோடி ரூபாய். முழுவதும் கிராஃபிக்ஸுக்கான செலவு அல்ல என்றாலும், நூற்றுக்கணக்கான ஓவியர்களும் பொறியாளர்களும் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருப்பதற்குத் தோலும் துணியும் புல்லும் நிஜம் போல இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் பெரிய காரணம். 'சைபர்பங்க் 2077' கேமைச் செய்த போலந்து நிறுவனம், ஊழியர்களைக் கட்டாயமாகக் கூடுதல் நேரம் உழைக்க வைக்கமாட்டோம் என்று 2019இல் சொன்னது. 2020இல் வாரம் ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான கேம் பழைய இயந்திரங்களில் தடுக்கி விழ, ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. வெளியாவதற்கு முன் உலகம் முழுவதும் பேசியது அதன் ஒளியையும் நகரத்தின் பிரம்மாண்டத்தையும்தான். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் இந்தத் துறையில் வேலை இழந்தார்கள். பந்தயச் செலவு தாங்காமல் போனதும் முதலில் வெளியேற்றப்படுகிறவர், அந்த ஒவ்வொரு முடி இழைக்கும் உயிர் கொடுத்தவர்.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று கணக்குப் பார்க்கிற வீடுகள் இவை. சம்பா அறுவடைப் பணத்தில் பாதியும் நகைக்கடன் மீதியுமாகப் பிள்ளைக்கு 'கேமிங் லேப்டாப்' வாங்கிக் கொடுக்கிற தகப்பன்மார் டெல்டாவில் இருக்கிறார்கள். விலை ஒரு லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அது இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவான் என்று விளம்பரம் சொல்கிறது, அவர்களும் நம்புகிறார்கள். ஆனால் 'பி.ஜி.எம்.ஐ.' நன்றாக ஆடுகிற பையன் ஒருவனின் போனை வாங்கிப் பாருங்கள். கிராஃபிக்ஸை 'ஸ்மூத்' என்ற கீழ்ப்படிக்கு இறக்கி வைத்திருப்பான். பிரேம் வேகத்தை மட்டும் உச்சத்தில் வைத்திருப்பான். புல்லும் நிழலும் குறைந்தால் எதிரி சீக்கிரம் கண்ணில் படுவான், போன் சூடாகாது, நடுவில் லேக் அடிக்காது. பளபளப்பு ஆட்டத்துக்கு உதவாது என்பது அவன் விரல்களுக்குத் தெரியும். வாங்கும்போதும் வியக்கும்போதும் மட்டும் அதை மறந்துவிடுகிறான். இதில் அவனைக் குற்றம் சொல்ல மாட்டோம். எண்களை மட்டுமே ஓதிக் காது நிறைத்த விமர்சகர்களும் விற்பனையாளர்களும்தான் குற்றவாளிகள்.

இதைவிடக் கவலை தருவது கேம் செய்யக் கற்கிற பிள்ளைகளின் நிலை. "நம்மகிட்ட இருக்கற லேப்டாப்புக்கு இதெல்லாம் ஆகாது சார்" என்று தொடங்கும் முன்பே கை கழுவுகிற இளைஞர்கள் எத்தனையோ பேர். பணம் கட்டி அனிமேஷன் பயிற்சி நிலையத்தில் சேர்கிறவர்களுக்கும் முதல் நாளிலிருந்து மென்பொருள்தான். பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு வெளியே வருகிறார்கள்; ஒரு கை எப்படி மடங்கும், ஒரு கிழவி எப்படி எழுந்து நிற்பாள் என்று தாளில் வரைந்து பார்த்ததில்லை. பிறகு கிடைக்கிற வேலை, அயல்நாட்டுக் கேமுக்குச் சக்கரமும் செங்கல் சுவரும் செய்து அனுப்புவது. அந்த வேலையிலும் திறமை உண்டு, மரியாதை உண்டு. பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா நிறுவனம் அப்படித்தான் வளர்ந்து, 2019இல் ராக்ஸ்டார் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்தது. ஆனால் மென்பொருள் ஆண்டுக்கு ஒருமுறை மாறும். வேலை கொடுத்த நிறுவனம் ஒரு நாள் காலையில் இல்லாமலும் போகும். 2025 பிப்ரவரியில், அனிமேஷன், காட்சி விளைவு வேலைகள் செய்த டெக்னிகலர் நிறுவனம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் அப்படித்தான் ஆயிற்று. அப்போது கையில் மிஞ்சுவது வரையத் தெரிந்த கண் மட்டுமே. அந்தக் கண்ணைத் தராமல் கட்டணம் வாங்குகிற நிலையங்கள் பிள்ளைகளை ஏமாற்றுகின்றன. இதைப் பூசி மெழுகிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மால் முடியாது என்பதற்குப் பதில் தமிழிலேயே இருக்கிறது. டொரோண்டோவில் அபி என்ற தமிழ் இளைஞர் தலைமையிலான விசை கேம்ஸ் என்ற சிறு குழு, 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின். தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டை அவள் உடன் கொண்டுவந்திருக்கிறாள். பக்கங்கள் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றன. மறைந்துபோன வரிகளை ஊகித்து இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது, புட்டுக் குழாயில் எதை எதன்மேல் போடுவது என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். முழுக்கத் தட்டையான கைவரைபடம். ரே டிரேசிங் கிடையாது. சாதாரண லேப்டாப்பில் ஓடும். பின்னணியில் வெவ்வேறு காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் பாட்டுகள் வருகின்றன. எவர்சில்வர் பாத்திரத்தின் வளைவு, தாளிக்கும் கடுகு, அம்மாவின் தோள் தளர்ந்து இறங்கும் விதம் ஆகியவற்றில் ஒரு வீட்டை முழுதாகக் கண்டுகொள்கிறோம். கறை படிந்த அந்தப் பக்கம் படமாகவும் இருக்கிறது, புதிராகவும் இருக்கிறது, புலம்பெயர்ந்தவர்கள் இழந்ததன் அடையாளமாகவும் இருக்கிறது. நுட்பத்தால் இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் கூட்டியிருக்க முடியாது. 2024இல் சுயேச்சை கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுகக் கேம் விருதும் 'வெண்பா'வுக்குக் கிடைத்தன. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஓர் அடுக்களையை உலகம் நின்று பார்த்தது.

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் குழு 2020இல் தந்த 'ராஜி' கேமில் கதையைத் தோற்பாவை நிழலாட்டத்தின் பாணியில் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்து கையால் வரைந்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 2025 செப்டம்பரில் வந்த அன்று, வாங்க முந்திய கூட்டத்தைத் தாங்க முடியாமல் இணையக் கடைகளே திணறின. அதன் விலை 20 டாலர்.

நம்மிடம் இல்லாதது என்ன? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் தலை நிமிர்த்திய காளை. யானையின் தலையையே காளையின் தலையுமாக்க ஒரு சிற்பியின் கண் துணிந்திருக்கிறது. உள்ளது உள்ளபடி செதுக்கியிருந்தால் அந்தக் கல்லில் ஒரு விலங்குதான் இருந்திருக்கும். கோவில் பார்க்க வரும் குழந்தைகள் அதன் முன்னால் கையை மாற்றி மாற்றி வைத்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணூறு ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆட்டம் அது. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து அளவு எடுத்து, மெழுகில் உருப்பிடித்து, காவிரி வண்டலைப் பூசி வார்க்கிறார்கள். தலையாட்டி பொம்மையின் அடிபெருத்த உருவம் எத்தனை தள்ளினாலும் எழுந்து நிற்கிறது. கேமுக்கு வேண்டிய உருவமும் அசைவும் விதியும் புதிரும் இந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் கொட்டிக் கிடக்கின்றன.

ஆனால் அவற்றை எடுத்துக்கொண்டது யார்? 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமில் 2022 முதல் ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிராக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட 'சிவிலைசேஷன் 7' கேமில் சோழர் ஒரு நாகரிகமாகவே இருக்கிறார்கள். பெரிய கோயிலை உலக அதிசயமாகக் கட்டலாம். மகிழ்ச்சிதான். அவர்கள் அக்கறையோடு செய்திருக்கிறார்கள். ஆனால் அது விண்ணிலிருந்து பார்க்கிற அயலாரின் கண். உள்சுற்றின் இருட்டில் நின்று சுவரைப் பார்த்த கண் அல்ல. சோழனைப் பற்றி நம்மவர் ஒருவர் நாளை கேம் செய்தால், அயல்நாட்டுக் கேமின் கவசமும் புகையும் தூசியும் வைத்து 'அவங்க அளவுக்கு வந்துட்டோம்' என்று மார்தட்டுவாரோ என்ற அச்சம் நமக்கு இருக்கிறது. சோழ ஓவியனின் கோட்டை அசைய வைத்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்க வேண்டும். திரிபுராந்தகர் தேர் நகர்கிறது, நிழலில்லாத தட்டை நிறத்தில், கோடு மட்டும் தடித்து மெலிந்து உயிர் பெறுகிறது. அதைப் பழைய லேப்டாப்பிலேயே செய்யலாம்.

கேம், அனிமேஷன் துறைகளை வளர்க்க ஒன்றிய அரசு 2022 பட்ஜெட்டில் பணிக்குழு அறிவித்தது. 2024 செப்டம்பரில் மும்பையில் தேசிய உயர்மையம் ஒன்றுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அங்கே விலையுயர்ந்த இயந்திரங்கள் வந்து இறங்கும். காவிரிக் கரையில் கேட்க வேண்டியது வேறு. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் கேம் ஓவியத்துக்கென முழுமையான பாடப்பிரிவை அரசு ஏற்படுத்த வேண்டும். சுவாமிமலை ஸ்தபதியும் தஞ்சாவூர் ஓவியரும் அங்கே வந்து பாடம் நடத்த வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் மாணவர் கையில் பென்சிலும் தூரிகையும் மட்டும் இருக்க வேண்டும். சிறு குழுக்களுக்கு இயந்திரம் வாங்கித் தருவதைவிட, ஓராண்டு சாப்பாட்டுக் கவலை இல்லாமல் வரைய உதவித்தொகை தருவது நல்லது. பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைத் துல்லியமான படங்களாக எடுத்து மாணவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தொல்லியல் துறை திறந்துவிட வேண்டும்.

கேம்களை விமர்சிக்கும் தமிழ் இளைஞர்களே, அடுத்த முறை காணொளி போடும்போது பிரேம் எண்ணைச் சொல்வதற்கு முன் அந்தக் கேமின் கலை இயக்குநர் யார் என்று தேடி அவர் பெயரைச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேம் செய்ய ஆசைப்பட்டால் லேப்டாப் கடைக்குப் போகும் முன் அவன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்; அங்கே படங்கள் இருந்தால் அவனை ஓவிய வகுப்பில் சேருங்கள். கடன் வாங்கிக் கார்டு வாங்காதீர்கள்.